கொடிக்கு முன் ஒரு வார்டு

1989 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பிரிட்டனின் பசுமைக் கட்சிக்கு ஏறத்தாழ 15 சதவீத வாக்கு விழுந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். கிடைத்த இடம் பூஜ்யம். அதற்கு ஆறு ஆண்டு முன்பு மேற்கு ஜெர்மனியின் பசுமைக் கட்சி வெறும் 5.6 சதவீதம் வாங்கி 27 பேரை நாடாளுமன்றத்துக்குள் அனுப்பியிருந்தது. அங்கே விகிதாச்சார முறை. 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வாக்குக்கேற்ற இடம் உண்டு. பிரிட்டனிலோ நம்மூரைப் போலத்தான், தொகுதியில் முதலில் வந்தவருக்கே எல்லாம். சூழல் அரசியலில் இறங்க நினைக்கும் நம் இளைஞர்கள் ஜெர்மனியின் கதையைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கொடிக்கு வண்ணம் தேடுகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டியது பிரிட்டனின் கதை.

1973-ல் வேறொரு பெயரில் தொடங்கிய அந்தக் கட்சிக்கு முதல் எம்.பி. கிடைத்தது 2010-ல்தான்: பிரைட்டனில் கரோலின் லூகாஸ். இடைப்பட்ட முப்பத்தேழு ஆண்டுகளில் நாடெங்கும் வேட்பாளர் நிறுத்தி நாடெங்கும் தோற்ற காலம் நிறைய. பிறகு வழியை மாற்றிக்கொண்டார்கள். உள்ளாட்சியில் ஜெயிக்கக்கூடிய ஒன்றிரண்டு வார்டைத் தேர்ந்தெடுப்பது, தேர்தல் இல்லாத ஆண்டிலும் அங்கே வீடு வீடாகக் கதவு தட்டுவது, குப்பைத்தொட்டி முதல் நடைபாதை வரை மக்கள் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு அதைத் துண்டறிக்கையில் போடுவது, ஒரு வார்டு கைக்கு வந்த பிறகு பக்கத்து வார்டுக்குப் போவது. 2023-ல் மிட் சஃபோக் என்ற கிராமப்புற மாவட்ட மன்றத்தின் 34 இடங்களில் 24 இடம் பசுமைக் கட்சிக்கு வந்தது. மறு ஆண்டு பொதுத் தேர்தலில் அவர்கள் பிடித்த நான்கு தொகுதிகளில் ஒன்றான வேவெனி வேலி, அந்த மன்றத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கியது.

நம் பக்கத்துப் பாடம் இடிந்தகரையில் இருக்கிறது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக 2011 முதல் அங்கே நடந்த போராட்டம் உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. 2014 மக்களவைத் தேர்தலில் அந்தப் போராட்டக் குழுவைச் சேர்ந்த சுப. உதயகுமார் கன்னியாகுமரியிலும், புஷ்பராயன் தூத்துக்குடியிலும், ஜேசுராஜ் திருநெல்வேலியிலும் ஆம் ஆத்மி கட்சியின் சார்பில் நின்றார்கள். மூவரும் தோற்றார்கள். உதயகுமார் பின்னர் பச்சைத் தமிழகம் கட்சியைத் தொடங்கினார். அதிலும் தேர்தல் வெற்றி கிட்டவில்லை. அவர்களின் உழைப்பிலோ நேர்மையிலோ குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. போராட்டத்தின் பலம் சில கடலோர ஊர்களில் இருந்தது. மக்களவைத் தொகுதி என்பதோ பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஆகவே இந்த அத்தியாயத்தில் கட்சிப் பதிவு கடைசியில்தான் வரும். முதலில் உங்கள் ஊர்.

காகிதம் சேர்த்தல்

ஒரு பிரச்சினையை எடுங்கள், ஒன்றே ஒன்று. 'காலநிலை மாற்றம்' என்று வீட்டு வாசலில் நின்று சொன்னால் கதவு சாத்தப்படும். ஊருணியில் கழிவுநீர் கலக்கிறது, ஓடையில் குப்பை எரிக்கிறார்கள், வரத்துக் கால்வாயை ஒரு மில் அடைத்துவிட்டது என்பதெல்லாம் வாசலில் நின்று பேசக்கூடியவை.

எடுத்தது நீர்நிலை என்றால் முதல் வேலை, அது யாருடையது என்று கண்டுபிடிப்பது. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி, கண்மாய்கள் நீர்வளத் துறையிடம் இருக்கும். பழைய வழக்கத்தில் பொதுப்பணித் துறை ஏரி என்பார்கள். அதற்குக் குறைந்தவை ஒன்றியக் கண்மாய்கள். குளம், ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஆறு மாதம் ஊர் சுற்றிவிட்டு 'தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரும்.

அடுத்து சர்வே எண். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேட்டில் அந்த எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது, எவ்வளவு பரப்பு என்பது இருக்கும். அ-பதிவேட்டு விவரத்தைத் தமிழக அரசின் இணையச் சேவையில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். புல வரைபடத்தையும் வாங்கிக்கொண்டு, ஊரில் வயதான ஒருவரோடு கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். காகிதத்தில் நான்கு ஏக்கர் இருக்கும், கண்ணுக்கு இரண்டரை ஏக்கர்தான் தெரியும். மீதி ஒன்றரை ஏக்கரில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் அரசியலின் முதல் சோதனை.

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்குள் இரண்டு விதமானவர்கள் இருப்பார்கள். போக இடமில்லாமல் கரையோரம் குடிசை போட்டவர்கள் ஒரு பக்கம். சுற்றுச்சுவர் எழுப்பிய கல்லூரி, அரிசி ஆலை, மனை விற்பவர் இன்னொரு பக்கம். அதிகாரிகள் பொக்லைனை அனுப்பும்போது அது பெரும்பாலும் முதல் பக்கத்துக்கே போகும். அதைப் பார்த்துக்கொண்டு 'நீர்நிலை மீட்பு' என்று படம் பிடித்துப் போடும் குழு, அந்தக் குடியிருப்பின் வாக்கை மட்டும் இழப்பதில்லை, பேசும் தகுதியையும் இழக்கிறது. மாற்று இடத்தில் பட்டா கொடுத்த பிறகே குடிசையை அகற்ற வேண்டும், சுற்றுச்சுவரை முதலில் இடிக்க வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். பல ஊர்களில் அந்தக் குடிசைகள் யாருடையவை, சுற்றுச்சுவர் யாருடையது என்பதற்குச் சாதிக் கணக்கு ஒன்றும் உண்டு. அதைப் பார்க்காததுபோல் நடிக்கும் சூழலியலை ஊர் நம்பாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பத்து ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும் நல்ல கருவி. 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். விளக்கம் தருவது சட்டத்தின்படி கடமையல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். தூர்வாரிய பணியின் மதிப்பீட்டு நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல், பணி முடிந்ததற்கான புகைப்படம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண்ணோடு ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

கிராம சபை: அந்த ஒரு மணி நேரம்

தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்திலும் தனி அலுவலர் கூட்டுவார், சபை நிற்காது. குறைவெண் வரம்பு மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

நடைமுறை எப்படி இருக்கும்? காலை பதினொரு மணிக்குப் பள்ளி வளாகத்திலோ மரத்தடியிலோ சாமியானா. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்திருப்பார்கள். வரம்பை நிரப்புவது அவர்கள்தான், பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருளை மூச்சுவிடாமல் வாசிப்பார். ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கிடையில் ஒரு நீளமான நோட்டு கைமாறிக்கொண்டே போகும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். சில இடங்களில் அந்த நோட்டில் மேலே ஒன்றும் எழுதியிருக்காது. தீர்மானம் பிறகு அலுவலகத்தில் எழுதப்படும்.

அந்த நோட்டுதான் தீர்மானப் பதிவேடு. நீங்கள் கவனம் வைக்க வேண்டிய ஒரே பொருள் அதுதான். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் தீர்மான வாசகத்தை எழுதி, தலைவருக்கோ தனி அலுவலருக்கோ கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாசகம் சிறியதாக, ஆள் பெயர் இல்லாமல், செய்யக்கூடியதாக இருக்கட்டும். உதாரணத்துக்கு: 'எங்கள் ஊராட்சியில் சர்வே எண் இன்னதில் உள்ள ஊருணியை நில அளவை செய்து எல்லைக்கல் நடும்படி வட்டாட்சியரைக் கோரியும், அதில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்க உறிஞ்சுகுழி அமைக்கும் பணியை வரும் ஆண்டு கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும் இச்சபை தீர்மானிக்கிறது.' இதில் யாருக்கு, எந்த இடம், என்ன வேலை என்ற மூன்றும் இருக்கின்றன. 'ஊருணியைப் பாதுகாக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எல்லோரும் கைதட்டுவார்கள், ஒன்றும் நடக்காது.

கூட்டத்தில் நீங்களே எழுந்து பேசுவதைவிட, அந்த ஊருணிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண்மணி பேசுவது பத்து மடங்கு எடுபடும். அவரோடு முந்தைய வாரம் உட்கார்ந்து பேசியிருங்கள். தீர்மானம் வாசிக்கப்பட்டதும், 'இப்போதே பதிவேட்டில் எழுதுங்க, எழுதின பிறகு கையெழுத்துப் போடுறோம்' என்று நான்கு பேர் சேர்ந்து சொன்னால் போதும். சத்தம் போட வேண்டாம். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் முறைப்படி நகல் கேட்கும்போது, பக்கம் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட அது உதவும்.

சபையின் பார்வைக்கு வைக்க வேண்டிய வரவு செலவுக் கணக்கையும் கேளுங்கள். படிவம் 30 என்பார்கள். வாசிக்கச் சொன்னால் செயலர் முகம் சுளிப்பார். அவரைத் திருடர்போல நடத்தாதீர்கள். ஊரில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தீர்மானத்தின் எல்லை

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிராம சபைத் தீர்மானம் எல்லா இடத்திலும் செல்லாது. 2013-ல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிக் கிராம சபைகள் முடிவெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் 2006 பின்னால் நின்றது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபைதோறும் தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு, அரிட்டாபட்டியின் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து, சுமார் 5,000 ஏக்கர் ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்தது. அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் வரிசையாக எதிர்ப்புத் தீர்மானங்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றத் தீர்மானம். ஜனவரியில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் தனியாக நின்று சாதிக்கவில்லை. ஆனால் கட்சிகள் எல்லாம் ஒரு பக்கம் வந்து நிற்க வேண்டிய நிலையை அதுதான் உண்டாக்கியது என்பது என் கணிப்பு. ஊர் ஊராக ஒரே நாளில் எழுதப்பட்ட காகிதத்தை எந்தக் கட்சியும் 'வெளியாட்களின் தூண்டுதல்' என்று தள்ள முடியாது.

ஊராட்சிக்கே அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காடு எல்லையில் உள்ள பிளாச்சிமடாவைப் பாருங்கள். கொக்கோ கோலா ஆலை 2000-ல் வந்தது. கிணற்று நீர் கெட்டது. 2002 ஏப்ரலில் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று இழுத்தது வேறு கதை. கேரள ஊராட்சிகளுக்கு இருக்கும் அதிகாரம் நம்முடையவற்றுக்கு இல்லை என்பதும் உண்மை.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபைபோல் பகுதி சபை, வார்டு குழு என்று 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைகள் கூடின. பல வார்டுகளில் அது நடப்பதே வெளியே தெரிவதில்லை. உங்கள் கவுன்சிலரிடம் தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்குவதே முதல் இயக்கம்.

பெரிய ஆலை, துறைமுகம், சுரங்கம் என்றால் பெரும்பாலும் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். குறைவெண் வரம்பு கிடையாது, ஆகவே நீங்கள் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகிவிடும். நான் எப்போதும் போய்ப் பேசச் சொல்வேன். நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாகும். முடிவில் பேசப்பட்டவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குள் பந்தல் காலியாகிவிடுகிறது. குறைந்தது பத்துப் பேர் கடைசிவரை உட்கார்ந்திருங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லும் நேரம் அதுதான். அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை பார்ப்பார்கள். அதற்கு மேல் கதவு மூடிவிடும்.

தேர்தலில் நிற்பது

ஒரு பிரச்சினையைத் தொட்டு முடித்த ஊரில்தான் வேட்பாளரைப் பற்றி யோசிக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த உள்ளாட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வரி பாக்கி வைத்திருக்கக் கூடாது. கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. எல்லோரும் பூட்டு சாவி, ஆட்டோ என்று சுயேச்சைச் சின்னத்தில்தான் நிற்பார்கள். பெரிய கட்சியின் சின்ன பலம் செல்லாத ஒரே களம் அது. கட்சி அடிப்படையில் தேர்தல் நடப்பது ஒன்றிய வார்டிலும் மாவட்ட ஊராட்சி வார்டிலும். ஒன்றிய வார்டு சுமார் 5,000 மக்கள்தொகை, மாவட்ட ஊராட்சி வார்டு சுமார் 50,000. புதிதாக வளரும் ஒரு சூழல் கட்சி கண் வைக்க வேண்டிய இடம் இந்த 5,000 பேர் கொண்ட வார்டு. மும்முனைப் போட்டியில் ஆயிரத்துச் சொச்சம் வாக்கே அதைத் தீர்மானித்துவிடும்.

2019 ஊரகத் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட ஊராட்சிக்கு 1,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவு உச்சவரம்பு தலைவர் பதவிக்கு 34,000 ரூபாய். நிஜத்தில் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். பணத்தோடு பணத்தால் மோத முடியாது. அந்த ஆசையே வேண்டாம். தேர்தல் முடிந்ததும் செலவுக் கணக்கை ஒப்படைக்க மறந்துவிடாதீர்கள், மறந்தால் அடுத்த தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு வரலாம்.

பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. உங்கள் குழுவில் பெண்கள் தேநீர் போடும் இடத்தில் மட்டும் இருந்தால், ஒதுக்கீடு வரும் நாளில் யாருடைய மனைவியை நிறுத்தலாம் என்று தேடுவீர்கள். அது இன்றுள்ள கட்சிகள் செய்வதேதான்.

ஜெயித்தவர் என்ன செய்ய முடியும்? கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி, சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. 2006-ல் அது ஓடத் தொடங்கியது. அவர் எந்தப் பசுமைக் கட்சியிலும் இல்லை. அப்படிப்பட்டவர் உங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தால் எதிர்த்து நிற்காதீர்கள், கூட நில்லுங்கள்.

இனி, கட்சி

சேர்வதா, தொடங்குவதா? பா.ம.க.வுக்குப் பசுமைத் தாயகம், நாம் தமிழர் கட்சிக்குச் சுற்றுச்சூழல் பாசறை, தி.மு.க.வுக்குச் சுற்றுச்சூழல் அணி என்று அமைப்புகள் உள்ளன. எதில் சேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கட்சித் தலைமை ஒரு திட்டத்தை ஆதரித்து, உள்ளூர் அணி எதிர்த்தால், அணி வெளியே பேசலாமா? 'உள்ளே பேசித் தீர்ப்போம்' என்ற பதில் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சொந்தமாகத் தொடங்கினால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 29அ பிரிவின்படி, கட்சி உருவான 30 நாளுக்குள் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர்களாவது வேண்டும், 10,000 ரூபாய்க் கட்டணம், நாளிதழ்களில் அறிவிப்பு. இது கடினமே அல்ல, அதுதான் ஆபத்து. ஆறு ஆண்டுகள் எந்தத் தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த மாதமே இன்னும் 474. பெயர்ப்பலகையோடு நின்றுபோன கட்சிகள் அவை.

என் யோசனை: மூன்று ஒன்றியங்களிலாவது உங்கள் ஆட்கள் உறுப்பினர்களாக உட்கார்ந்த பிறகு பதிவைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை குழுவாக இருங்கள், மாதச் சந்தா வையுங்கள், வரவு செலவை மாதந்தோறும் ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். ஊராட்சியிடம் படிவம் 30 கேட்பவர்களிடம் ஊர் அதே கேள்வியைக் கேட்கும். மணல், கல்குவாரி பணம் நன்கொடையாக வரும், பெரும்பாலும் கோயில் திருப்பணிக்கோ விளையாட்டுப் போட்டிக்கோ என்று சொல்லிக்கொண்டு வரும். வாங்காதீர்கள்.

அடுத்த கிராம சபை எந்தத் தேதி என்று மேலே இருக்கிறது. ஒரு வாரம் முன்னதாகத் தீர்மான வாசகத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.